மறுமொழி: ஹோர்டு – ‘புதையல்’ போதுமா, ‘காசுவைப்பு’ எனலாமா?

வணக்கம் நண்பர்களே,

ரோமானிய வெள்ளிக்காசுகளைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது ஹோர்டு (hoard: ஒருவர் சேர்த்து ஒரே இடத்தில் வைத்த காசுத் தொகுதி) என்ற சொல்லுக்குத் தமிழ் தெரியாமல் மாட்டிக்கொண்டேன் என்று சொல்லியிருந்தேன். புதையல், பதுக்கல், நாணயக்குவியல் என்று மூன்று பரிந்துரைகள் தந்தீர்கள். மூன்றையும் என் வரிகளில் போட்டுப் பார்த்தேன்.

> புதையல் என்று எல்லாருக்கும் தெரிந்த சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?

நியாயமான கேள்விதான். ஆனால் புதையல் என்ற சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறது. பிரிட்டனின் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் வரும் ட்ரெஷர் என்பதற்கு அதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் இல்லை. 300 ஆண்டுக்கு மேற்பட்ட பொன் அல்லது வெள்ளிக்காசு குறைந்தது இரண்டு ஒரே இடத்தில் கிடைத்தால் அது புதையல். 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வெள்ளி மிகக் குறைந்த காசு என்றால் குறைந்தது பத்து இருக்க வேண்டும். ஆக, வெள்ளி தேய்ந்துபோன காலத்துக் காசு ஒன்பது ஒரே குடுவையில் கிடைத்தால், ஆய்வாளருக்கு அது ஹோர்டு. சட்டத்துக்குப் புதையல் இல்லை. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் இந்த வரியை எப்படி எழுதுவது?

பதுக்கல் வேண்டவே வேண்டாம். அதில் குற்றத்தின் வாடை அடிக்கிறது. தன் சேமிப்பைக் காப்பாற்ற மண்ணுக்குள் வைத்தவரை அப்படிச் சொல்ல எனக்கு மனமில்லை. குவியல் என்பதில் ஒருவர் கை வைத்துச் சேர்த்தார் என்பது தெரியவில்லை. ஹோர்டு என்ற கருத்துக்கு அந்தக் கைதான் உயிர்.

ரோமானியத் தளபதி மார்க் ஆன்டனி கி.மு. 32–31இல் தன் படைக்கு அடித்த டெனாரியஸ் என்ற வெள்ளிக்காசுகளைப் பாருங்கள். அவற்றில் வெள்ளி குறைவு. அதனால் யாரும் அவற்றை உருக்கவில்லை; கையிலிருந்து கைக்கு மாறி, இருநூறு ஆண்டுக்கு மேல் புழங்கித் தேய்ந்தன. கி.பி. 64இல் பேரரசர் நீரோ டெனாரியஸின் எடையையும் தரத்தையும் குறைத்தபோது, பழைய நல்ல காசுகளை மக்கள் ஒதுக்கி வைத்துக்கொண்டார்கள். எதை வைப்பது, எதைச் செலவழிப்பது என்று ஒருவர் பொறுக்கி எடுத்த தடம் ஹோர்டில் இருக்கிறது. தெருவில் தவறவிட்ட தனிக்காசில் அது இல்லை.

அதனால் என் பரிந்துரை: காசுவைப்பு. வைப்பு பழைய சொல். ‘பெற்றான் பொருள்வைப் புழி’ என்று குறளே (226) பொருளை வைக்கும் இடத்தைச் சொல்கிறது.

> வைப்பு என்றால் வங்கி வைப்புத்தொகை நினைவுக்கு வராதா?

வரட்டும். திரும்ப எடுக்கலாம் என்று வைத்தவையும் ஹோர்டுதானே. இந்தச் சொல்லின் பலம் வேறோர் இடத்தில் இருக்கிறது: வைத்தார் என்று மட்டும் சொல்கிறது, ஏன் வைத்தார் என்று முடிவுகட்டுவதில்லை. 2010இல் இங்கிலாந்தின் ஃப்ரோம் அருகே ஒரே பானையில் 52,503 காசுகள் கிடைத்தன. கண்டவர் தானே தோண்டி அள்ளாமல் தொல்லியலாளரை அழைத்தார். அவர்கள் அடுக்கடுக்காக எடுத்ததால், காலத்தால் பிந்திய காசுகளில் பெரும்பாலானவை மேலே இல்லாமல் பானையின் உள்ளே கீழாக இருந்தது தெரிந்தது. அப்படியானால் சிறுகச் சிறுகச் சேர்த்ததில்லை. ஒரே மூச்சில் நிரப்பியது. நிரம்பிய பிறகு தூக்கவும் முடியாத மெல்லிய பானை. திரும்ப எடுக்கும் எண்ணமே இல்லாமல் தெய்வத்துக்குப் படைத்ததாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். பதுக்கல் என்று எழுதியிருந்தால் அந்த வாசலை நாமே அடைத்திருப்போம்.

காசு சேகரிக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு வைப்பைப் பிரித்துத் தனித்தனியாக விற்றுவிட்டால், காசு ஒவ்வொன்றும் பிழைத்திருக்கும், வைப்பு செத்துவிடும். எது எதோடு, எந்த அடுக்கில் இருந்தது என்பதை அப்புறம் யாராலும் மீட்க முடியாது.

இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. 1992இல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியிலுள்ள ஹாக்ஸ்னில், தொலைந்த சுத்தியலைத் தேடப்போய்க் கிடைத்த வைப்பில் 14,000க்கு மேல் வெள்ளிக்காசுகள். அதன் காலத்தைச் சொன்னவை, கி.பி. 407இல் பேரரசராக அறிவிக்கப்பட்ட மூன்றாம் கான்ஸ்டன்டைன் பெயரில் வந்த காசுகள். ஆகவே வைத்தது அந்த ஆண்டிலோ அதற்குப் பிறகோதான். இப்படி ஒரு வைப்பில் கடைசியாக அச்சிட்ட காசுக்குக் ‘கடைக்காசு’ என்று முதலில் எழுதினேன். கடையில் தந்த காசு என்று படித்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. ‘இறுதிக்காசு’ ஒலிப்பதற்குக் கொஞ்சம் சப்பென்று இருக்கிறது. உங்களிடம் வேறு ஏதாவது இருக்கிறதா?