நெப்போலியன் தொப்பிய எப்படி மாட்டணும், நேராவா குறுக்கவா?

முத்தியால்பேட்டை அம்மா:
பையன் ரெண்டாங்கிளாஸ், ஸ்கூல்ல ஃபேன்சி டிரஸ், நெப்போலியன்னு குடுத்துட்டாங்க. வாடகைக்கு ஒரு தொப்பி எடுத்தேன், கருப்பு வெல்வெட், ஓரமெல்லாம் தங்க லேஸ், மேல வெள்ளை இறகு வேற. மாட்டிவிட்டா நெத்திக்கு முன்னாடி ஒரு மூக்கு பின்னாடி ஒரு மூக்கு, தோணிய கவுத்து வச்ச மாதிரி இருக்கு. வீட்டுக்காரரு என்னடான்னா நம்மூரு பாண்டிச்சேரி போலீஸ் போடற சிவப்பு தொப்பிதான் நெப்போலியன் தொப்பின்னு அடிச்சு பேசறாரு. வெள்ளிக்கிழமை ப்ரோக்ராம், சீக்கிரம் சொல்லுங்க.

சொல்தா பேரன்:
அண்ணன்கிட்ட சொல்லுங்க அக்கா, அது பேரு கெப்பி. நெப்போலியன் 1821லயே போய் சேந்துட்டாரு, கெப்பி அதுக்கப்புறம் 1830கள்ல அல்ஜீரியாவுல சண்டைக்கு போன பிரெஞ்சு பட்டாளம் வெயிலுக்கு லேசா இருக்கட்டும்னு போட ஆரம்பிச்சது. எங்க தாத்தாவோட கெப்பி இன்னும் பீரோவுல பாச்சா உருண்டையோட இருக்கு, அதனால இந்த விஷயத்துல மட்டும் நான் விட்டுக்குடுக்க மாட்டேன்.

மஞ்சக்குப்பம் டெய்லர்:
குறுக்க மாட்டுங்க மேடம், ரெண்டு முனையும் ரெண்டு தோளுக்கு நேரா வரணும். மத்த ஆபீசருங்க எல்லாம் முன்னும் பின்னுமா போட்டாங்க, இவரு மட்டும் குறுக்க திருப்பிட்டாரு, புகையும் தூசியுமா இருக்கற சண்டையில கூட தூரத்துல இருந்தே இன்னார்னு தெரிஞ்சிடும். லேஸ், இறகெல்லாம் மத்த தளபதிங்களுக்குதான், இவருது மொட்டையா கருப்பு ஃபெல்ட், பீவர்ங்கற பிராணியோட மயிருல செஞ்சது, நீலம் வெள்ளை சிவப்புல வட்டமா ஒரு ரிப்பன் பேட்ஜ் மட்டும் வலது பக்கம் இருக்கும். பாரிஸ்ல பூப்பார்னு ஒரு கடையிலதான் வாங்குவாராம், மொத்தம் 120 தொப்பி கிட்ட போட்டிருப்பாருன்னு சொல்றாங்க, மிச்சம் இருக்கறது கொஞ்சம்தான். அதுல ஒண்ணு 2023 நவம்பர்ல ஏலத்துல 19 லட்சம் யூரோவுக்கு மேல போச்சு, நம்ம காசுக்கு 17 கோடிக்கு மேல, நான் ஆயுசு முழுக்க தைச்சாலும் வராது 😄

பழைய ரசிகன்:
நம்ம எம்ஜிஆர் மாதிரிதான், அந்த வெள்ளை தொப்பியும் கருப்பு கண்ணாடியும் வரைஞ்சா போதும், மூஞ்சி வரையவே வேணாம்.

முத்தியால்பேட்டை அம்மா:
எல்லாருக்கும் தேங்க்ஸ். வாடகை சாமான்ல கத்திரி வைக்க பயம், லேஸ உள்ள மடிச்சு பின் குத்திட்டேன், இறகு பத்திரமா டப்பாவுல. குறுக்க மாட்டினதும் அப்படியே நெப்போலியன்தான், ஆனா ஸ்கூட்டியில பீச் ரோடு வழியா வந்தோம், குறுக்க இருந்தா பாய்மரம் மாதிரி காத்த பிடிக்குது, ரெண்டு தடவ பறந்து போய் ரோட்டுல விழுந்துச்சு. தாடைக்கு எலாஸ்டிக் வச்சு தைக்கலாமா டெய்லர் அண்ணே?

மஞ்சக்குப்பம் டெய்லர்:
தைங்க, கருப்பு எலாஸ்டிக்கா பாத்து வாங்குங்க.