ஸ்பைனோசாரஸ்: மூன்று புத்தகம், மூன்று உருவம். எது சரி?

செம்பருத்தி:

வணக்கம் நண்பர்களே. என் மகனுக்கு ஏழு வயது. ஆறு மாதமாக வீட்டில் டைனோசரைத் தவிர வேறு பேச்சே இல்லை. அதிலும் ஸ்பைனோசாரஸ்தான் உயிர், முதுகில் பாய்மரம் விரித்த மாதிரி இருக்குமே, அது. எங்களிடம் அதைப் பற்றி மூன்று புத்தகங்கள் இருக்கின்றன, மூன்றிலும் மூன்று விலங்குகள்! என் அண்ணன் மகன் படித்துவிட்டுக் கொடுத்த பழைய புத்தகத்தில் டி-ரெக்ஸ் போலவே பின்னங்காலில் கம்பீரமாக நிற்கிறது, வால் பல்லி வால் மாதிரி ஒல்லியாக, நீளம் 18 மீட்டர் என்று போட்டிருக்கிறது. இரண்டாவதில் குட்டைக் கால்களோடு நாலு காலில் நடக்கிறது, 15 மீட்டர். போன மாதம் வாங்கியதில் துடுப்பு போன்ற வாலோடு தண்ணீருக்குள் நீந்துகிறது, 14 மீட்டர். மூன்றையும் கூடத்தில் வரிசையாக விரித்து வைத்துவிட்டு "அம்மா, இதில் எது நிஜம்?" என்று கேட்கிறான். ஏதோ ஒன்றைச் சொல்லிச் சமாளிக்க எனக்கு மனம் வரவில்லை.

டி-ரெக்ஸை விடப் பெரியதா, இரண்டும் சண்டை போட்டால் யார் ஜெயிப்பார்கள் என்பதும் தினமும் சாப்பாட்டு நேரத்தில் வருகிற கேள்வி. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நீளமாக எழுதினாலும் பரவாயில்லை, அவனுக்கு வாசித்துக் காட்டுவேன்.

பாறைப்பித்தன்:

தோழி, மூன்று புத்தகமும் அந்தந்தக் காலத்தில் கிடைத்த எலும்பை வைத்து எழுதியவைதான். உங்கள் பையனிடம் அதன் கதையை முதலிலிருந்து சொல்லுங்கள், படங்கள் ஏன் மாறின என்பது அவனுக்கே புரிந்துவிடும்.

எகிப்தில் பஹாரியா என்று ஒரு பாலைவனச் சோலை. ஜெர்மனியைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமர் 1911இல் அங்கே போய்த் தோண்டினார். அவருக்காக எலும்பு சேகரித்துக் கொடுத்த ரிச்சர்ட் மார்க்கிராஃப் என்பவர் 1912இல் அங்கே கண்டெடுத்ததுதான் முதல் ஸ்பைனோசாரஸ். கீழ்த்தாடையின் ஒரு பகுதி, சில பற்கள், முதுகெலும்புகள், அந்த முதுகெலும்புகளிலிருந்து மேலே எழும்பி நிற்கும் எலும்புக் கம்பங்கள், இவைதான் முக்கியமாகக் கிடைத்தவை. அந்தக் கம்பங்களில் பெரியது 1.65 மீட்டர், ஒரு ஆள் உயரம்! 1915இல் ஸ்ட்ரோமர் ஸ்பைனோசாரஸ் ஈஜிப்டியாகஸ் என்று பெயர் வைத்தார், எகிப்தின் முள்முதுகுப் பல்லி என்று சொல்லலாம். கவனியுங்கள், அதில் கைகால் எதுவும் இல்லை. உங்கள் பழைய புத்தகத்தில் அது டி-ரெக்ஸ் மாதிரி நிற்பதற்குக் காரணமே இதுதான். இல்லாத கால்களை மற்ற ஊனுண்ணி டைனோசர்களிடமிருந்து கடன் வாங்கி வரைந்தார்கள்.

அப்புறம் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு பதறும். எலும்புகள் மியூனிக் அருங்காட்சியகத்தில் இருந்தன. இரண்டாம் உலகப் போர் வந்ததும், இவற்றைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றுங்கள் என்று ஸ்ட்ரோமர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் நாஜிகளை வெளிப்படையாக எதிர்த்தவர், அருங்காட்சியகப் பொறுப்பில் இருந்தவரோ நாஜி ஆதரவாளர், மறுத்துவிட்டார். 1944 ஏப்ரல் 24 இரவு பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு போட்டதில் கட்டடத்தோடு எல்லாம் எரிந்து போனது. உலகத்தில் இருந்த மிக முக்கியமான ஸ்பைனோசாரஸ் எலும்புகள் ஒரே இரவில் போய்விட்டன. ஸ்ட்ரோமரின் மூன்று மகன்களில் இருவர் அதே போரில் இறந்தார்கள். அவர் வரைந்து வைத்திருந்த துல்லியமான படங்களும் சில நிழற்படங்களும் மட்டும் மிஞ்சின, அவற்றை வைத்துத்தான் உலகம் பல பத்தாண்டுகள் ஓட்டியது.

18 மீட்டர் எங்கிருந்து வந்தது என்றால், 2005இல் இத்தாலியில் மிலான் அருங்காட்சியகத்தில் இருந்த ஒரு மூக்குப் பகுதியை ஆராய்ந்தார்கள். மூக்கு மட்டுமே கிட்டத்தட்ட ஒரு மீட்டர். அதிலிருந்து கணக்குப் போட்டு 16 முதல் 18 மீட்டர் என்றார்கள்.

நாலுகால் படத்துக்குப் பின்னால் இருப்பது மொராக்கோ. நிசார் இப்ராகிம் என்ற இளம் ஆய்வாளர் 2008இல் எர்ஃபூத் என்ற ஊரில் இருந்தபோது, மீசை வைத்த ஒருவர் அட்டைப்பெட்டியில் சில எலும்புத் துண்டுகளைக் கொண்டுவந்து காட்டினார். அதில் கத்தித் தகடு போன்ற ஒரு துண்டு, உடைந்த முனையில் பார்த்தால் நடுவே சிவப்பாக ஒரு கோடு ஓடியது. அடுத்த வருடம் மிலானில், வியாபாரிகள் கைமாறி வந்து சேர்ந்த வேறு எலும்புகளைப் பார்க்கிறார், அதே நிறம், அதே சிவப்புக் கோடு! இரண்டும் ஒரே குழியிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று அவருக்குப் பட்டது. ஆனால் குழி எங்கே? மீசைக்காரரின் பெயர்கூடத் தெரியாது. 2013இல் எர்ஃபூத் போய்த் தேடு தேடென்று தேடி, கிளம்ப வேண்டிய நேரத்தில் டீக்கடை மாதிரி ஒரு இடத்தில் நம்பிக்கையிழந்து உட்கார்ந்திருக்கும்போது அந்த ஆளே எதிரே நடந்து போகிறார். ஓடிப்போய்ப் பிடித்தார். அவர் கூட்டிப்போய்க் காட்டிய குழியில் இன்னும் எலும்பு இருந்தது. மிலானில் இருந்தவையும் பிறகு மொராக்கோவுக்கே திரும்பி வந்தன, இப்போது காசாபிளாங்காவில் இருக்கின்றன.

அந்த எலும்புக்கூட்டில்தான் பின்னங்கால் எதிர்பார்த்ததைவிட ரொம்பக் குட்டை என்று தெரிந்தது. 2014இல் வெளியிட்டார்கள். உடல் எடை முன்பக்கம் சாய்வதால் தரையில் நாலு காலில்தான் நடந்திருக்கும் என்றார்கள், உங்கள் இரண்டாவது புத்தகம் அது. அதே குழியில் கிடைத்த வாலைப் பற்றி 2020இல் வெளியிட்டார்கள். வால் எலும்புகளின் மேலேயும் கீழேயும் நீண்ட முட்கள், தோலோடு சேர்த்தால் அகலமான துடுப்பு. மூன்றாவது புத்தகம்.

சோழவரம்:

சண்டைக் கேள்விக்கு என் பதில். சண்டை நடக்க வாய்ப்பே இல்லை. ஸ்பைனோசாரஸ் வாழ்ந்தது வட ஆப்பிரிக்காவில், சுமார் 9.5 கோடி ஆண்டுகளுக்கு முன். டி-ரெக்ஸ் வட அமெரிக்காவில், 6.8 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். நடுவில் இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. நீளத்தில் ஸ்பைனோசாரஸ் முந்துகிறது, 14 மீட்டர் பக்கம், டி-ரெக்ஸ் 12 மீட்டர் சொச்சம். எடையில் அப்படி இல்லை. ஸ்பைனோசாரஸ் ஏழு டன் அளவு, பெரிய டி-ரெக்ஸ் எட்டு டன்னைத் தாண்டும். எலும்பை நொறுக்கும் தாடை டி-ரெக்ஸுக்குத்தான்.

பையன் சண்டை பார்த்தே தீருவேன் என்றால் கார்கரோடான்டோசாரஸ் பெயரைச் சொல்லுங்கள். அது அதே ஊரில், அதே காலத்தில் வாழ்ந்த இன்னொரு ராட்சத ஊனுண்ணி.

செம்பருத்தி:

பாறைப்பித்தன் சார், சோழவரம் சார், இருவருக்கும் மிக்க நன்றி. மீசைக்காரர் கதையை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னான். அருங்காட்சியகம் எரிந்தது என்றதும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை, அப்புறம் "ஏன் அவங்க எடுத்து வைக்கல" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். இப்போது புதுக் கேள்வி: ஒரே இடத்தில் இரண்டு ராட்சதர்கள் எப்படிச் சாப்பிட்டுப் பிழைத்தார்கள்? ஸ்பைனோசாரஸ் மீன் தின்றது என்று புத்தகத்தில் இருக்கிறது, வயிற்றைத் திறந்து பார்த்தார்களா என்கிறான்.

தோப்புத்துறை பாரூக்:

சகோதரி, இதற்கு என்னிடம் கையிலேயே பதில் இருக்கிறது. வேலை விஷயமாக மொராக்கோ போயிருந்தபோது சந்தையில் இரண்டு பற்கள் வாங்கினேன், ஒன்று ஸ்பைனோசாரஸ் வகை, இன்னொன்று கார்கரோடான்டோசாரஸ். இப்போது மேசை மேல் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

கார்கரோடான்டோசாரஸ் பல் தட்டையாக இருக்கிறது. விளிம்பில் நகத்தை வைத்து இழுத்தால் கரகரவென்று பிடிக்கும், நெல் அறுக்கும் கருக்கரிவாள் தெரியும் இல்லையா, அதே பொடிப்பொடியான பல்வரிசை. சதையை அறுத்துக் கிழிப்பதற்கு. ஸ்பைனோசாரஸ் பல் அப்படியே வேறு. உருண்டை, கூம்பு வடிவம், கிட்டத்தட்ட நேராக, மேலிருந்து கீழே மெல்லிய வரிகள். விளிம்பில் விரல் ஓட்டினால் வழவழவென்று போகிறது, அறுக்காது. இது குத்திப் பிடிப்பதற்கான பல். வழுக்குகிற மீன் ஒருமுறை மாட்டினால் நழுவ முடியாது. முதலைப் பல்லும் இதே சாயல்தான். ஒருவன் தரையில் வேட்டை, மற்றவன் ஆற்றில், அதனால் இருவருக்கும் சோறு இருந்தது.

அந்த ஆறும் சாதாரண ஆறு இல்லை. மொராக்கோவில் இன்று வறண்ட பாலைவனமாகக் கிடக்கும் கெம் கெம் பகுதியில் அன்று பெரிய ஆறுகள் ஓடின. மூக்கு இருபுறமும் முள் வைத்த, வேளா மீன் மாதிரியான ஆன்கோப்ரிஸ்டிஸ் என்ற ராட்சத மீன் அதில் இருந்தது. கார் நீளத்துக்கு சீலகாந்த் வகை மீனும் இருந்தது.

வயிற்றைப் பொறுத்தவரை, ஸ்பைனோசாரஸின் வயிறு கிடைக்கவில்லை, ஆனால் அதன் சொந்தக்காரன் ஒருவனின் வயிறு கிடைத்தது. இங்கிலாந்தில் 1983இல் கண்டெடுத்த பேரியோனிக்ஸ். அதன் விலா எலும்புகளுக்கு நடுவே அமிலத்தில் அரித்த மீன் செதில்கள் இருந்தன. கூடவே இக்வானடான் என்ற தாவர உண்ணி டைனோசரின் குட்டி ஒன்றின் எலும்பும் இருந்தது. மீன் மட்டுமே தின்றது என்று சொல்லிவிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை, அந்தச் சந்தையில் பல் வாங்குகிறவர்கள் பார்த்து வாங்குங்கள். உடைந்த இரண்டு மூன்று பல்லை மணலும் பசையும் வைத்து ஒட்டி ஒரே பெரிய பல் மாதிரி விற்பார்கள். நான் முதலில் எடுத்த பல் அப்படிப்பட்டதுதான், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது நடுவில் வரிகள் ஒன்றோடொன்று சேரவில்லை, அதை வைத்துக் கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

கட்டுமரம்:

பாறைப்பித்தன் எழுதியது அருமை. ஆனால் மூன்றாவது படத்தைக் கடைசி முடிவு என்று பையன் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதால் இதை எழுதுகிறேன். தண்ணீருக்குள் மூழ்கித் துரத்தி மீன் பிடித்ததா, அல்லது கொக்கு மாதிரி கரையோரத் தண்ணீரில் நின்றுகொண்டு தலையை நீட்டிப் பிடித்ததா என்பதில் இன்னும் பெரிய சண்டை நடக்கிறது.

துரத்திப் பிடித்தது என்பவர்கள் வாலைக் காட்டுகிறார்கள். அந்த வால் வடிவத்தை பிளாஸ்டிக்கில் வெட்டி, இயந்திரக் கையில் மாட்டித் தொட்டித் தண்ணீரில் ஆட்டிப் பார்த்தபோது, நிலத்து டைனோசர் வால்களைவிட நன்றாக உந்தியது. 2022இல் எலும்பின் அடர்த்தியையும் காட்டினார்கள். பென்குவின், நீர்யானை போன்றவற்றின் எலும்பு கெட்டியாக இருக்கும், மூழ்குவதற்கு அந்தப் பாரம் உதவும். ஸ்பைனோசாரஸ் தொடை எலும்பும் உள்ளே குழல் அதிகம் இல்லாமல் கெட்டி.

அதே 2022இல் பால் செரினோ என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு முழு உடலையும் கணினியில் உருவாக்கிப் பார்த்துவிட்டு, இது மூழ்கவே மூழ்காது, உடலுக்குள் காற்று அதிகம், மேற்பரப்பில் நீந்தினாலும் நொடிக்கு ஒரு மீட்டர்கூடப் போகாது, அந்த உயரமான பாய் வேறு ஆட்டம் கொடுக்கும் என்றார்கள். கரையில் இரண்டு காலிலேயே நடக்கும் என்றும் சொன்னார்கள். நாலுகால் நடை பெரும்பாலும் கைவிடப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம், முன்னங்கால் எலும்புகள் முழுதாகக் கிடைக்கவும் இல்லை. எலும்பு அடர்த்தியைக் கணக்கிட்ட முறையில் பிழை இருக்கிறது என்று 2024இல் இன்னொரு கட்டுரை வந்தது.

என் தாத்தா பழவேற்காடு ஏரியில் மீன் பிடித்தவர், சின்ன வயதில் அவரோடு போய் நாரைகள் மணிக்கணக்கில் அசையாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன், அதனால் எனக்குக் கொக்குக் கட்சி மீதுதான் சாய்வு. மூக்குத் துளை நுனியில் இல்லாமல் பின்னால் தள்ளி இருக்கிறது, வாயின் முனையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டே மூச்சு விடலாம். ஆனால் அந்த வால் எதற்கு என்று கேட்டால் என் கட்சிக்கு முழுப் பதில் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பாறைப்பித்தன்:

கட்டுமரம் சொல்வது சரி, நான் அந்தப் பகுதியை ஓடிக் கடந்துவிட்டேன். எனக்கு வால்தான் பெரிய சாட்சியாகப் படுகிறது, ஆழத்தில் மூழ்காவிட்டாலும் ஆற்றைக் கடந்து போய்வந்த விலங்கு அது என்பேன்.

செம்பருத்தி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் முதலைப் பண்ணைக்குப் பையனைக் கூட்டிப் போங்கள். அங்கே கரியல் இருக்கிறது, கங்கைப் பக்கத்து முதலை. அதன் ஒடுக்கமான நீள மூக்கையும், வாய் மூடியிருக்கும்போதும் வெளியே தெரியும் பற்களையும் பக்கத்திலிருந்து பார்த்தால் ஸ்பைனோசாரஸ் தாடை ஏன் அப்படி இருக்கிறது என்று அவனே சொல்லிவிடுவான்.

அரியலூரான்:

எரிந்துபோன எலும்பைப் பற்றிப் படித்ததும் எங்கள் ஊர்க் கதையைச் சொல்லத் தோன்றியது. அரியலூர் பக்கம் கல்லமேட்டில் யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு புவியியலாளர்கள் பிரம்மாண்டமான எலும்புகளைக் கண்டுபிடித்து, 1980களின் கடைசியில் புருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள், பெருத்த உடல் கொண்ட பல்லி. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே உள்ள எலும்பு மட்டும் இரண்டு மீட்டர். முதலில் அதை ஊனுண்ணி என்றுதான் வகைப்படுத்தினார்கள்! அப்படி இருந்திருந்தால் ஸ்பைனோசாரஸ் எல்லாம் அதன் முன்னால் குட்டிதான். பிறகு 1995இல், இது நீளக் கழுத்துத் தாவர உண்ணி என்று திருத்தினார்கள்.

அந்த எலும்புகளும் இன்று இல்லை. குண்டு போட்டு அல்ல, பொலபொலப்பான எலும்பு, மழையிலும் ஈரத்திலும் உதிர்ந்து போய்விட்டது. 2022இல் பழைய நிழற்படங்களை வெளியிட்டபோதுதான் பலருக்கும் அப்படி ஒன்று உண்மையிலேயே இருந்தது என்று நம்பிக்கை வந்தது.

செம்பருத்தி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு மூன்று புத்தகத்தையும் எடுத்து, ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் பென்சிலால் 2005, 2014, 2020 என்று அவனே எழுதிவிட்டான். கருக்கரிவாளைப் பார்க்க வேண்டும் என்கிறான், ஊரில் அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை முதலைப் பண்ணை. அரியலூரான் அண்ணா, அங்கே குழந்தைகளுக்குக் காட்டுகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா?

அரியலூரான்:

இருக்கிறதும்மா. வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. எங்கள் பக்கம் ஒரு காலத்தில் கடல், அதனால் அங்கே முக்கியமாக அம்மோனைட் சுருள்கள், சிப்பிகள், கடல் முள்ளெலி மாதிரியானவை. டைனோசர் எலும்பு பார்க்கத்தான் போகிறோம் என்று அவனிடம் சொல்லிக் கூட்டி வராதீர்கள், ஏமாந்து போவான். சித்திரை வெயிலில் வேண்டாம், தை மாசியில் வாருங்கள். கிளம்பும் முன் திறந்திருக்கும் நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.