டாக்கில் கேட்கும் கிர்ர்ர் சத்தம்: எங்கே துண்டிப்பது?

வணக்கம். ராயபுரத்தில் இருக்கும் ஒரு செட்டுக்கு உங்கள் யோசனை தேவை.

ராஸ்பெரி பை 4 என்ற சின்ன கம்ப்யூட்டர் போர்டு (இனி 'பை'), அதில் பாட்டு ஓட்டும் எம்பிடி சாஃப்ட்வேர். பாட்டெல்லாம் தரம் குறையாத ஃபிளாக் ஃபைல்கள், 2 டிபி யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில். பையிலிருந்து யூஎஸ்பி வழியே டாக் (டிஜிட்டலை அனலாக் ஒலியாக மாற்றும் பெட்டி), அங்கிருந்து ஆர்சிஏ ஒயரில் மூன்று பின் பிளக் உள்ள ஆம்ப்.

பாட்டை நிறுத்திவிட்டு ஸ்பீக்கரின் ட்வீட்டரில் காதை வைத்தால் மெல்லிய கிர்ர்ர். டிஸ்க் ஓடும்போது அதற்கேற்ப ஏறி இறங்குகிறது. டாக்குக்குப் போகும் யூஎஸ்பி ஒயரைப் பிடுங்கினால் அடியோடு நின்றுவிடும். உப்புக் காற்றில் பச்சை பிடித்த ஆர்சிஏ முனைகளைத் துடைத்தும் பலனில்லை.

ஃபைல்களில் குறையில்லை, பிட் மாறியதா என்று காட்டும் எம்டி5 சரிபார்ப்பு எண் அப்படியே பொருந்துகிறது. அதனால் "எஸ்எஸ்டி போட்டால் பாட்டு இனிக்கும்" என்று சொல்லப்படுவதை ஏற்க முடியவில்லை. பிட் மாறாதபோது டிஸ்க் கெடுக்கக்கூடியது கரண்டையும் கிரவுண்டையும்தான். பையின் எஸ்எம்பிஎஸ் அடாப்டரிலிருந்து கசியும் கரண்ட் யூஎஸ்பி கிரவுண்டு, ஆர்சிஏ உறை வழியாக ஆம்பின் எர்த்துக்குப் போகிறது என்று நினைக்கிறேன். ஆம்பின் எர்த் பின்னை எடுக்கச் சொல்லாதீர்கள், உயிருக்கே ஆபத்து.

டிஸ்க்கை வேறு அறையில் நாஸாக (நெட்வொர்க் வழியே ஃபைல் தரும் பெட்டி) வைத்து, உலோக உறையில்லாத யூடிபி நெட்வொர்க் ஒயரில் இழுத்தால் போதுமா? ஈதர்நெட் போர்ட்டில் டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் அந்தப் பக்கம் கிரவுண்டு தொடர்பு துண்டாகிவிடும். ஆனால் பையின் அடாப்டர் அப்படியே இருக்குமே!

யூஎஸ்பி ஐசொலேட்டர் (டேட்டாவை விட்டு, கிரவுண்டைத் துண்டிக்கும் கருவி) என்றால், மலிவானவை பெரும்பாலும் 12 எம்பிபிஎஸ்தான், 24/192 (24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்) பாட்டு ஓடாது. 480 எம்பிபிஎஸ் ஐசொலேட்டர் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் கிடைக்கிறதா, என்ன விலை? அல்லது பைக்கு ஆப்டிகல் அவுட் (ஒளி வழியே ஒலி அனுப்பும்) போர்டு போட்டு டாக்கில் 24/192 தடையில்லாமல் ஓட்டியவர்கள் யாராவது இருந்தால், எந்தப் போர்டு, எவ்வளவு நீள ஒயர் என்று சொல்லுங்கள்.