பேய்க்கதை வாசித்தால் சிரிப்பு, வரலாறு வாசித்தால் தூக்கம் போகிறது. எனக்கு மட்டுமா?

ஐஸ்கட்டி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலையில் ஒரு ஐஸ் பக்டரியில் எனக்கு இரவு வேலை. மணிக்கொரு தடவை எழும்பி மீற்றர் பார்த்துக் கொப்பியில் எழுத வேண்டும். மிச்ச நேரமெல்லாம் வாசிப்புதான். வகை பார்ப்பதில்லை. பழைய பேப்பர் கடையில் கிலோக் கணக்கில் வாங்குவேன். ஒரு கட்டுக்குள் பேய்க்கதை, சமையல் குறிப்பு, துப்பறியும் நாவல், யாரோ ஒருவருடைய நினைவு மலர் எல்லாம் வரும். (நினைவு மலர்களில் நல்ல கதைகள் இருக்கின்றன. சிரிக்காதீர்கள்.)

பிரச்சினை என்னவென்றால், பேய் வந்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. காதலர் பிரிந்தால் கொட்டாவி வருகிறது. துப்பறியும் கதையில், கொலைகாரன் பிடிபட்டதும் செத்தவனை எல்லோரும் மறந்துவிடுகிறார்களே என்று கோபம் வருகிறது. போன மாதம் ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி இலங்கை பற்றி எழுதிய புத்தகத்தை போனில் இறக்கி, அகராதியும் கையுமாக வாசித்தேன். 1681இல் அச்சான பழைய ஆங்கிலம், ஒரு பக்கத்துக்கு அரை மணித்தியாலம் போகும். நெல் விதைப்பு, யானை, அரண்மனை என்று விபரம் விபரமாகப் போகிற புத்தகம். அதை வாசித்துத்தான் இரண்டு இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

புயலில் பாய்மரம் போன கப்பலைத் திருத்தத்தான் நொக்ஸும் அவனுடைய தகப்பனும் கொட்டியாரக் குடாவுக்கு வந்தார்கள். எனக்கு அது சின்ன வயதில் அம்மாவோடு லாஞ்சில் மூதூர் போகையில் வாந்தி எடுத்த குடா. 1660 ஏப்ரலில் கண்டி அரசன் இராஜசிங்கனின் ஆட்கள் தகப்பனையும் மகனையும் பிடித்துக்கொண்டு போனார்கள். மகனுக்கு 19 வயது. அடுத்த வருடம் பெப்ரவரியில் தகப்பன் காய்ச்சலில் செத்துப்போகிறார். மகனும் காய்ச்சலில் கிடக்கிறான். அடக்கம் செய்ய அயலில் உதவி கேட்டால் மாடு கட்டுகிற பெரிய கயிறு ஒன்றைக் கொடுக்கிறார்கள், கழுத்தில் போட்டுக் காட்டுக்குள் இழுத்துக்கொண்டு போ என்று. அந்த இடத்தில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

இன்னுமொன்று. அவனிடம் இருந்தவை இரண்டே இரண்டு சமயப் புத்தகங்கள். திரும்பத் திரும்ப வாசித்து இரண்டும் மனப்பாடம். பிறகு ஒரு நாள், ஓடையில் தூண்டில் போட்டுக்கொண்டு இருக்கும்போது, ஒரு கிழவர் தன்னிடம் இருந்த ஆங்கில பைபிளை விற்கக் கொண்டுவருகிறார். கையில் இருக்கிற காசைக் கொடுத்தாவது வாங்கிவிடத் துடிக்கிறான். கூட இருந்த பெடியன் தடுத்துவிட்டு, பின்னின தொப்பி ஒன்றுக்குப் பேசி முடிக்கிறான். பேப்பர் கடையில் என் முகமும் அப்படித்தான் இருக்கும்போல. கடைக்காரர் என்னைக் கண்டாலே விலையை ஏற்றுவார்.

உங்களுக்கும் இப்படி, ஒரு புத்தகம் எதிர்பாராத இடத்தில் பிடித்துக்கொண்டது உண்டா?

மூதூர்க்காரி எழுதியது:

அண்ணா, நொக்ஸைப் பிடித்த இடம் என்று எங்கள் ஊரில் ஒரு புளியமரத்தைச் சொல்வார்கள், வெள்ளைக்காரன் மரம் என்று. 1893இல் கல்லும் வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து வளர்ந்தும் புத்தகத்தை நான் தொட்டதில்லை, வெட்கமாக இருக்கிறது.

எனக்கு அப்படி நடந்தது வ. அ. இராசரத்தினத்தின் ‘தோணி’யில். எங்கள் ஊர் எழுத்தாளர், ஆசிரியராக இருந்தவர். 1962இல் வந்த தொகுப்பு. சொந்தமாக ஒரு தோணி இல்லாதவனின் ஏக்கம்தான் கதை. நூலகம் தளத்தில் ஈழத்துப் பழைய புத்தகங்களைத் தேடப்போய்ப் பிடித்த பழக்கம், குசினியில் இருந்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன். அம்மா சூடை மீன் துப்பரவாக்கிக்கொண்டு இருந்தவ. நடை, உவமை ஒன்றும் அவவுக்குப் படவில்லை. கடைசியில் கத்தியை வைத்துவிட்டு, “அப்ப அவனுக்குத் தோணி கிடைக்கவே இல்லையா?” என்று கேட்டா. இரவு படுக்கப் போகும்போது திரும்பவும் கேட்டா.

துப்பறியும்பெடியன் எழுதியது:

அண்ணை, செத்தவனை மறக்கிறார்கள் என்று எங்கள் வகையைத் திட்டாதீர்கள். நல்ல துப்பறியும் கதை பாதிக்கு மேல் செத்தவனைப் பற்றித்தான். அதை வாசித்துப் பழகியதால் எனக்கு ஒரு கேள்வி. நொக்ஸ் தப்பி, மன்னார்ப் பக்கம் அரிப்புக் கோட்டைக்கு வந்து சேர்ந்தது 1679இல். எழுதியது அதற்குப் பிறகு, ஊருக்குப் போகிற கப்பலில். 19 வருடத்துக் கதை, ஒரே சாட்சி. கயிறு கொடுத்த அயலவர் தங்கள் பக்கத்தை எங்கே எழுதினார்கள்? தீட்டுப் பயமோ, காய்ச்சல் பயமோ, அரசன் பயமோ, யாருக்குத் தெரியும்? அழுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சாட்சியைக் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்துவிட்டு அழுங்கள்.

உவர்மலைப்பேத்தி எழுதியது:

எனக்குக் காதல் கதைதான். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினை ஏ லெவலில் படித்தபோது, கலியாணப் பேச்சைத் தவிர வேறு எதுவுமே இல்லையே என்று எரிச்சல்தான் வந்தது. அவவுடைய தம்பி சார்ள்ஸ், கடற்படை அதிகாரி, 1852இல் பர்மாவில் கொலராவில் செத்தவர், எங்கள் திருகோணமலை எஸ்பிளனேட் மயானத்தில்தான் புதைக்கப்பட்டிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. பஸ்ஸுக்கு நிற்கிற நேரம் எத்தனை நாள் அந்தப் பக்கத்தால் நடந்திருப்பேன்! இளம் வயதில், பிடித்த எதிரிக் கப்பலுக்கான பரிசுப் பணம் கிடைத்தவுடன் அக்காமார் இரண்டு பேருக்கும் தங்கச் சங்கிலியும் புஷ்பராகச் சிலுவையும் வாங்கிக் கொடுத்தவராம். அவவுடைய ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’ நாவலில் கடற்படை அண்ணன் ஒருவன் தங்கச்சிக்குச் சிலுவை கொண்டுவருவான். சங்கிலி வாங்கத்தான் அவனிடம் காசு இல்லை. இப்போது கலியாணப் பேச்சையெல்லாம் தாண்டி அந்தச் சிலுவைக்குத்தான் போகிறேன். என்னுடைய தம்பி கட்டாரில்.

ஐஸ்கட்டி எழுதியது:

தம்பி சொன்னது சரி. கயிற்றைக் கொடுத்தவன் வீட்டிலும் அன்று யாருக்காவது காய்ச்சல் இருந்திருக்கலாம். அதை யோசித்த பிறகு இன்னும் கொஞ்சம் மோசமாகத்தான் இருக்கிறது, நன்றி.

மூதூர்த் தங்கச்சி, தோணியை இப்போதுதான் முடித்தேன். அம்மாவிடம் சொல்லுங்கள், நானும் அதையேதான் கேட்டேன். அந்த யோசனையில் மூன்று மணி மீற்றரைப் பார்க்க மறந்து, இரண்டு மணி இலக்கத்தையே திரும்பவும் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். முதலாளி இந்தப் பக்கம் வாசிக்க வருகிற ஆள் இல்லை என்று நினைக்கிறேன்.