ரஷ்யாவை விட்டுப் போகாத கம்பெனிகள்: எதை வாங்காமல் விடுவது?

நெய்தல்:
உக்ரைன் போருக்குப் பிறகும் ரஷ்யாவில் வியாபாரம் செய்யும் கம்பெனிகளின் பொருள் வேண்டாம் என்று முடிவு. வாட்ஸ்ஆப்பில் இரண்டு யோசனை சுற்றுகிறது. பார்கோடு 460 முதல் 469 வரை தொடங்கினால் தொடாதே. உக்ரைன் அரசின் 'போர் ஆதரவாளர்' பட்டியலைப் பார். இதெல்லாம் சரிவருமா?

ரசீது:
பார்கோடு உதவாது. அந்த எண் எந்த நாட்டில் பதிவானது என்பதை மட்டும்தான் காட்டும். ஃப்ரேயா சாக்லேட் நார்வேயின் ஆஸ்லோவில் தயாராகிறது, ஆனால் முதலாளி மாண்டலீஸ் என்ற அமெரிக்க உணவுக் கம்பெனி. அதற்கு ரஷ்யாவில் ஆலைகள் உண்டு. அந்தப் பட்டியலும் 2024 மார்ச்சில் மூடப்பட்டுவிட்டது, பழைய படத்தைத்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

பொட்டலத்தின் பின்புறம் தாய் நிறுவனத்தின் பெயரைப் பாருங்கள். கீவ் பொருளாதாரப் பள்ளியின் தரவுத்தளத்தில் அதைத் தேடுங்கள். யேல் பல்கலைக்கழகப் பட்டியலும் உண்டு: 'ஏ' என்றால் வெளியேறியது, 'எஃப்' என்றால் அசையாமல் இருப்பது. நடுவில் 'டி' வாங்கியவைதான் வழுக்கும் ரகம். புது முதலீட்டை நிறுத்தினோம் என்பார்கள், பழைய விற்பனை ஓடிக்கொண்டே இருக்கும்.

தராசு:
ஃப்ரான்சைஸ் கடை என்றால் கவனம். அமெரிக்காவில் ரஷ்ய எண்ணெய்க் கம்பெனி லூக்காயிலின் பெட்ரோல் பங்குகளைப் பலர் ஒதுக்கினார்கள். அவற்றில் பலவற்றை நடத்தியவர்கள் உள்ளூர்க்காரர்கள், முதல் அடி அவர்களுக்கு. பர்கர் கிங் கதை நேர்மாறு: ரஷ்யக் கடைகளை நடத்தும் கூட்டு நிறுவனத்தில் தாய்க் கம்பெனிக்கு 15% பங்குதான், மூடச் சொன்னாலும் கூட்டாளி மூடவில்லை.

நெய்தல்:
நான் ஒருத்தன் சாக்லேட் வாங்காவிட்டால் என்ன ஆகிவிடும்?

ரசீது:
தனியாக, பெரிதாக ஒன்றுமில்லை. 2023 ஜூனில் மாண்டலீஸை உறுத்தியது அதன் பொருளைப் புறக்கணித்த மொத்தக் கொள்முதல்காரர்கள்: எஸ்ஏஎஸ் விமான நிறுவனம், நார்வே கால்பந்து சங்கம் போன்றவர்கள். அப்போதும் ரஷ்யப் பிரிவைத் தனித்து இயங்கவைப்போம் என்றார்களே தவிர வெளியேறவில்லை. ஆகவே ஆபீஸ் கேன்டீன், கல்லூரி ஸ்டோர் என்று மொத்தமாக வாங்கும் இடத்தில் பேசுங்கள். மாற்று பிராண்டு எது என்பதையும் கையோடு சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் இரண்டே வாரத்தில் பழைய சரக்கு திரும்பிவிடும்.

தராசு:
'வெளியேறு' என்று கேட்கும்போது இதையும் கணக்கில் வையுங்கள். 2024 அக்டோபர் விதிப்படி விற்பவர் சந்தை மதிப்பில் குறைந்தது 60% தள்ளுபடி தரவேண்டும், அதே மதிப்பில் 35% ரஷ்யக் கருவூலத்துக்குப் போகும். விற்க ஏற்பாடு செய்துகொண்டிருந்த கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனியின் ரஷ்யப் பிரிவான பால்திகாவை 2023 ஜூலையில் அரசே தற்காலிக நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டது. விற்றாலும் காசு அங்கே போகும். இருந்தாலோ வருஷா வருஷம் வரி. என் கணக்கில் ஒருமுறை போவதே தேவலை.