ஐபோன் 11 இன்னும் மூன்று வருடம் தாங்குமா?

நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். அம்மாவுக்கு வாட்ஸ்அப் வீடியோ காலும் ஓரளவு நல்ல கேமராவும் இருந்தால் போதும். பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர் தன்னுடைய ஐபோன் 11-ஐ விற்கிறார், 64 ஜிபி, பேட்டரி ஹெல்த் 81% காட்டுகிறது. 2019 செப்டம்பரில் வந்த மாடல்தான், ஆனாலும் ஏ13 சிப் என்பதால் வேகத்தில் குறையே இல்லை, அரை மணி நேரம் வைத்துப் பார்த்தேன், எங்கும் திணறவில்லை. 5ஜி கிடையாது, அது அம்மாவுக்குத் தேவையும் இல்லை.

பேட்டரியை மாற்றிக்கொள்ளலாம், சரி. டிஸ்ப்ளேதான் பயமாக இருக்கிறது. 2019 நவம்பர் முதல் 2020 மே வரை தயாரான ஐபோன் 11-களில் சிலவற்றுக்கு டச் வேலை செய்யாமல் போய், ஆப்பிளே இலவசமாக மாற்றிக் கொடுத்தது. இவர் வாங்கியது 2020 கடைசியில். அந்தக் கோளாறு இருந்தால் இதற்குள் தெரிந்திருக்குமா, இல்லை இனிமேலும் வருமா? செட்டிங்ஸில் அபவுட் பக்கத்தைப் பார்த்தேன், பாகம் எதுவும் மாற்றியதாகக் காட்டவில்லை.

அப்புறம், அம்மா சமையலறையில் ஈரக் கையோடுதான் போனை எடுப்பார். இத்தனை வருடத்துக்குப் பிறகு, தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கும் அந்த வாட்டர் சீல்-ஐ நம்பலாமா?

ரிவ்யூ வீடியோக்கள் எல்லாம் முதல் மாதத்தைத்தான் பேசுகின்றன. நான்கைந்து வருடமாக இதையே வைத்திருப்பவர்கள், முதலில் எது போனது, சரிசெய்ய எவ்வளவு ஆனது என்று சொன்னால் பெரிய உதவி. ஞாயிற்றுக்கிழமைக்குள் அண்ணனுக்குப் பதில் சொல்ல வேண்டும்.