இருபது ஆட்டுக்குக் கீழே இருந்தால் கவலை இல்லையா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சிற்றூர் எங்களுடையது. 9 சென்ட் மனையில் வீடு போக மிச்சத்தில் 7 ஆடுகள், ஒரு டஜன் நாட்டுக்கோழி. போன மழைக்காலத்தில் பஞ்சாயத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. மலையாளம் எனக்குப் பேச வரும், எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். மகள் படித்துச் சொன்னாள்: ஆட்டுக்கொட்டகையால் தொல்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்திருக்கிறார்.

நான் அலட்டிக்கொள்ளவில்லை. 2012இல் வந்த கால்நடைப் பண்ணை உரிம விதிகளில், 20 ஆட்டுக்கு மேலும் 100 கோழிக்கு மேலும் போனால்தான் உரிமம் வாங்க வேண்டும் என்றிருந்தது. பிறகு அந்த வரம்பைத் தளர்த்தவும் செய்தார்கள். என்னிடம் இருப்பதோ ஏழு. இதையே பதிலாகத் தமிழில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். (அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதும் உரிமையை 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இங்குள்ள தமிழருக்குத் தந்தது. பலர் இது தெரியாமல் காசு கொடுத்து மலையாளத்தில் எழுதி வாங்குகிறார்கள்.)

படித்துப் பார்த்த அலுவலர், "உரிமம் வேறு, தொல்லை வேறு. ஒரே ஒரு ஆடு என்றாலும் புகார் வந்தால் நாங்கள் வந்து பார்ப்போம்" என்றார். இங்கே தீராவிட்டால் விவகாரம் ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியரிடம்) போய்விடும் என்றும் சொன்னார். பொதுத்தொல்லையை அகற்றச் சொல்லி அவர் உத்தரவிடலாம்: முன்பு அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு. 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தின் 152ஆம் பிரிவு.

கொட்டகையைப் பார்க்க பஞ்சாயத்திலிருந்து வந்தவர் ஆடுகளை எண்ணவே இல்லை. குனிந்து, ஆடுகள் நிற்கும் உயர்ந்த பரணுக்கு அடியில் டார்ச் அடித்தார். புழுக்கையும் மூத்திரமும் மழைச் சாரலில் ஊறிக் கருஞ்சேறாகக் கிடந்தன. அதிலிருந்து ஒரு விரல் அகலத்துக்குக் கசிவு ஒன்று மதிலுக்கு அடியில் நுழைந்து, பக்கத்து வீட்டுக் கிணற்றடிப் பக்கமாகப் போயிருந்தது. நான்கு வருடமாக ஆடு வளர்க்கிறேன், ஒருநாளும் அங்கே குனிந்து பார்த்ததில்லை. அந்த வீட்டுக்காரர் இரண்டு முறை சொல்லியிருந்தார். வேலித் தகராற்றை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார் என்று நான்தான் காதில் வாங்கவில்லை.

பரணுக்கு அடியில் சரிவாகத் தளம் போட்டு, மூத்திரம் வடிய ஒரு தொட்டி கட்டினேன். குப்பைக்குழியை மறுபக்கம் மாற்றித் தகரக் கூரை வேய்ந்தேன். கிடாவையும் விற்றுவிட்டேன். பருவத்துக்கு வந்த கிடா தன் மூத்திரத்தைத் தானே தாடியில் பீய்ச்சிக்கொள்ளும். அந்த வீச்சம் எந்தக் கழுவலுக்கும் போகாது. பெட்டைகளைச் சினைக்கு விட இப்போது மைத்துனர் தோட்டத்துக்கு ஓட்டிப்போகிறேன்.

பக்கத்து வீட்டில் இன்னும் பேச்சுவார்த்தை இல்லை. பையனை மட்டும் அனுப்பி மல்லிகைக்கு ஒரு மூட்டை புழுக்கை கேட்டார்கள்.

*

மேலே எழுதியவரைப் போல வீட்டில் வளர்க்கும் இன்னொருவன் நான், மீனாட்சிபுரம் பக்கமிருந்து எழுதுகிறேன். எனக்குத் தொல்லை சேவலால் வந்தது. விடிகாலை மூன்றரைக்கே கூவும், எதிர்வீட்டில் கைக்குழந்தை. யாரும் புகார் எழுதவில்லை. அந்த வீட்டு அக்கா நேரில் வந்து, "தம்பி, சேவல் இல்லாவிட்டால் கோழி முட்டையிடாதோ?" என்று கேட்டார். இடும், குஞ்சுதான் பொரிக்காது என்றேன். "எங்களுக்குக் குஞ்சு வேண்டாமே" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேவல் குழம்பாயிற்று. அவர்கள் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போனது.